அடித்த வரிகள்

தபாலைப் பிரிப்பது என் வேலைகளில் ஒன்று. மூன்று வருடமாகத் தினமும் காலை ஒன்பதரைக்கு எழுத்தாளரான மேடத்தின் வீட்டு வாசல் பெட்டியிலிருந்து கடிதங்களை எடுத்து, கத்தியால் ஓரம் கீறி, முக்கியமானதை மேலேயும் அழைப்பிதழ்களை அடியிலும் வைத்து அவருடைய மேஜையில் அடுக்குவேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது உறைக்குள் என் கதை இருந்தது.

தலைப்பைப் படித்ததும் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. ஏழு பக்கம். மேலே பத்திரிகை ஆசிரியரின் கடிதத்தைப் பின் அடித்திருந்தார்கள். மூத்த எழுத்தாளர் ஒருவர் புதியவரை அறிமுகம் செய்யும் பகுதிக்கு இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், உங்களிடமே வேலை பார்க்கும் பெண் என்பது பிறகுதான் தெரிந்ததாகவும், ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார். அரைப் பக்க அறிமுகம் போதுமாம். வியாழக்கிழமை இதழ் அச்சுக்குப் போகிறதாம்.

அவர் நல்லதுதான் நினைத்திருக்கிறார். அந்த ஏழு பக்கத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஒரே ஒருவரைத் தவிர என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மேடம் பென்சிலால்தான் எழுதுவார். நீளத் தாள், ஒரு பக்கம் மட்டும். எழுதியதை மறுநாள் படித்து வேண்டாததைச் சிவப்புப் பேனாவால் அடிப்பார். கிறுக்கி அழிப்பதில்லை. ஒரே ஒரு நேர்கோடு. அடியில் இருக்கும் வார்த்தைகள் முழுசாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது ஏன் என்று கேட்டேன்.

"அடிச்சது கண்ணுக்குத் தெரியணும் டக்டக். இல்லன்னா அடுத்த வாரம் அதையே மறுபடி எழுதிட்டு, ஆகா என்னமா வந்திருக்குன்னு என் முதுகை நானே தட்டிக்குவேன்."

டக்டக் என்பது நான். விசைப்பலகையை நான் தட்டும் சத்தத்துக்கு அவர் வைத்த பெயர். அடித்த வரிகளை விட்டுவிட்டு மற்றதைத் தட்டச்சு செய்ய வேண்டும். முடிந்த தாள்களை நான்காகக் கிழித்து, பழைய பேப்பர்காரருக்குப் போகும் சாக்கில் போட வேண்டும். முதல் ஆறு மாதம் அப்படித்தான் செய்தேன். பிறகு ஒருநாள், கிழிக்கப் போன தாளில் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த ஒரு வரியைப் படித்தேன். 'வீடு காலியாக இல்லை. காலியாக இருப்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.' பதினாறு வயதிலிருந்து நான் மனப்பாடமாகப் படித்துவந்தவர் தூக்கிப் போட்ட வரி. என்னால் ஏழு ஜென்மத்திலும் எழுத முடியாத வரி. அதை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். வேறு எதற்காகவும் இல்லை, சாக்கில் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டரை வருடத்தில் நோட்டில் முந்நூறு வரிகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

அதற்கு முன்பும் பிறகும் என் கதைகள் பதினொரு முறை திரும்பி வந்தன. 'உங்களுக்கென்று ஒரு நடை இன்னும் உருவாகவில்லை' என்று அச்சடித்த சீட்டோடு. பன்னிரண்டாவது கதையை எழுதும்போது நோட்டு பக்கத்தில் திறந்திருந்தது. அவர் தூக்கிப் போட்டதுதானே, யாருடையதும் இல்லையே என்று சொல்லிக்கொண்டேன். ஒரு வரி எடுத்தேன். கதை நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்னொன்று எடுத்தேன். கணவனை இழந்த ஒருத்தி ஒரு வீட்டைக் காலி செய்யும் அந்தக் கதையில் அவருடைய வரிகள் மொத்தம் நாற்பத்தொன்று. ஒரே வாரத்தில் தேர்வாகிவிட்டது.

இப்போது அது அவர் மேஜைக்கே வந்திருக்கிறது. உறையை எடுத்து அழைப்பிதழ்களுக்கும் அடியில் செருகினேன். அவர் அந்த அடுக்கின் அடிவரை ஒருநாளும் போனதில்லை.

பத்தேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. அதை எடுப்பதும் என் வேலைதான்.

"வந்துச்சாம்மா?" என்றார் பத்திரிகை ஆசிரியர். குரலில் குறும்பு வழிந்தது. "பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

"இன்னும் இல்ல சார்."

"இன்னும் இல்லையா? வியாழக்கிழமை அச்சும்மா. குடு குடு, நானே பேசறேன்."

மேடம் அறை வாசலில் காபியோடு நின்றுகொண்டிருந்தார். "யாரு?" என்றார். ராங் நம்பர் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. ரிசீவரை நீட்டினேன்.

அவர் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். புருவம் மெல்ல ஏறியது. வைத்ததும் கையை இடுப்பில் ஊன்றினார்.

"அடிப்பாவி. மூணு வருஷமா எதிர்ல உட்கார்ந்து வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருந்துட்டு, கமுக்கமா கதை எழுதியிருக்கே! ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. எங்க அந்தக் கவர்?"

அடியிலிருந்து உருவிக் கொடுத்தேன். எங்கிருந்து உருவினேன் என்பதை அவர் கவனித்தார். வெட்கம் என்று நினைத்திருப்பார்.

"நீ உன் வேலையைப் பாரு. நான் இங்கயே படிக்கறேன்."

அந்த அறையில் இரண்டு மேஜைகள் எதிரெதிராக இருக்கும். என் திரைக்கு மேலே அவருடைய நெற்றியும் கண்ணாடியும் தெரியும். நான் அவருடைய நாவலின் பதினான்காம் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். முதல் பக்கத்தில் ஐந்து. இரண்டாம் பக்கத்தில், மேலிருந்து மூன்றாவதாக, அந்த வீடு. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வீடு.

தாள் திரும்பும் சத்தம் கேட்டது.

அவர் கையிலிருந்த பென்சில் நின்றது. என் விரல்களும் நின்றன. அவர் அந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை படித்தார், உதடுகள் அசைந்தன. பிறகு ஓரத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டார்.

அவர் மேலே படித்தார். மூன்றாம் பக்கத்தில் 'அவள் மன்னித்தது அவனுக்காக இல்லை. கோபத்தைச் சுமக்க இன்னொரு கை இல்லாததால்' என்று ஒரு வரி உண்டு. அதற்கும் டிக். நான்காம் பக்கத்தில் மூன்று டிக். நல்லது என்றுதான் போடுகிறாரா, அல்லது எண்ணிக்கொண்டிருக்கிறாரா? என் திரையில் பார்த்தேன். ஒரே வாக்கியத்தை மூன்று தடவை அடித்திருந்தேன். அழித்துவிட்டு நான்காவது தடவை அதையே அடித்தேன்.

இருபது நிமிடம் இருக்கும். அவர் காபியைத் தொடவே இல்லை.

ஐந்தாம் பக்கத்தில் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"டக்டக். இங்க வா."

போனேன். அவர் நிமிரவில்லை.

"இதுல ஒண்ணு உன்னோடது இல்ல."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"திருட்டுன்னு நான் சொல்லல," என்றார். "நிறையப் படிக்கறவங்களுக்கு இது நடக்கும். யாரோ எழுதினது உள்ள போய் ஒட்டிக்கிட்டு, எழுதறப்போ நம்மோடது மாதிரியே வெளிய வரும். எங்கேர்ந்து எடுத்தே?"

"மேடம், நான்..."

தாளை என் பக்கம் திருப்பி விரலை வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். அவர் விரலுக்குக் கீழே இருந்தது இதுதான்:

'அவளுடைய அப்பா இருபத்தாறு வருடம் லிஃப்ட் ஆபரேட்டராக நின்றவர். வீட்டிலும் கதவுப் பக்கத்தில்தான் நிற்பார். யார் வந்தாலும் சுவரோடு ஒட்டி வழிவிடுவார். விளக்கைப் போடப் போகும் வலது கை ஒரு நொடி சுவரில் வேறெதையோ தேடும். தூக்கத்தில் யாராவது தொட்டால் எத்தனாவது என்பார். ஏதாவது ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் திரும்பிப் படுப்பார்.'

"மத்ததெல்லாம் ஒரே கை," என்றார் மேடம். "தொட்டா வழுக்கிட்டுப் போகுது. நீ இந்த வயசுல எப்படி எழுதினேன்னு எனக்கே பொறாமையா இருக்கு. அதுக்கு நடுவுல இது, பட்டுல சாக்குத் துணி ஒட்டுப் போட்ட மாதிரி. யார் இந்த ஆளு? கதைக்கு எதுக்கு வர்றான்? தூக்கிடு."

அந்த ஏழு பக்கத்தில் நான் எந்த நோட்டையும் பார்க்காமல், மேடத்தின் நடையை நினைக்காமல் எழுதியது அந்த ஒரு பத்திதான். ஒரே மூச்சில் வந்தது. எடுத்துவிடலாமா என்று நானே இரண்டு தடவை யோசித்ததும் அதைத்தான்.

"சரி மேடம்," என்றேன்.

"நாளைக்கு அறிமுகம் எழுதித் தரேன். நீயே டைப் பண்ணிடு. உன் பெருமையை நீயே டக்டக்குனு அடி, போ." சிரித்தார்.

வீட்டுக்குப் போனபோது அப்பா கதவுப் பக்கத்தில் நின்றிருந்தார். சுவரோடு ஒட்டி வழிவிட்டார். அக்கா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். மனிதர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய மதிப்பு எதுவும் கிடையாது.

"என்ன குமாஸ்தா, மூஞ்சி ரூட் கெனாலுக்கு வந்தவ மாதிரி இருக்கு?"

"என் கதையைப் படிச்சியே, அதுல உனக்கு எது பிடிச்சுது? நிஜமா சொல்லு."

அவள் மென்றுகொண்டே யோசித்தாள். "நிஜமாவா? யாரோ பெரிய மனுஷங்க வீட்டுக்குப் போன மாதிரி இருந்துச்சு. எதைத் தொடறது, எங்க உட்கார்றதுன்னே தெரியல. கதை முழுக்க ஒருத்தர்கூடத் தும்மல, கவனிச்சியா? அப்பா வந்தாரு, அங்கதான் கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்தேன்."

"என்னைப் பத்தி எழுதியிருக்காளா?" என்றார் அப்பா, கதவிலிருந்து.

"ஒரு ஓரத்துல நிக்க வச்சிருக்காப்பா. வழக்கம்போல."

"அதைத் தூக்கணுமாம்," என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் என் முகத்தைக் கண்டு கையலம்பப் போய்விட்டாள்.

மறுநாள் காலை என் மேஜையில் நீளத் தாள் ஒன்று காத்திருந்தது. பென்சில் எழுத்து, பன்னிரண்டு வரிகள். மேடம் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். 'என் எதிரே மூன்று வருடம் மௌனமாக உட்கார்ந்திருந்த ஒருத்தி' என்று ஆரம்பித்தது. 'ஒவ்வொரு வாக்கியமும் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது' என்றது. ஆறாவது வரியில் சிவப்புக் கோடு. பழக்கத்தில் அதைத் தாண்டிவிட்டு, பிறகு நின்று படித்தேன்.

'இந்த வரிகளில் சிலவற்றை நான் முன்பே எங்கோ கேட்டதுபோல் இருக்கிறது.'

ஒரே ஒரு நேர்கோடு. எழுதியிருக்கிறார். அப்படி எழுதுவது என்னைப் புண்படுத்தும் என்று நினைத்தோ, தன்னையே சந்தேகப்பட்டோ அடித்திருக்கிறார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது. கிட்டே வந்துவிட்டு, என் மேல் இருந்த நம்பிக்கையால் திரும்பிப் போயிருக்கிறார்.

கடைசி வரிக்கு வந்தேன். 'இவளுக்கென்று ஒரு குரல் இருக்கிறது.'

விரல்கள் விசைகளின் மேலேயே இருந்தன. தட்டினால் முடிந்தது. மதியமே பத்திரிகைக்குப் போய்விடும். நாளை அச்சு. அடுத்த வாரம் என் பெயர், அவர் பெயர், ஒரே பக்கத்தில். அந்தச் சாக்கில் போன தாள்கள் எல்லாம் எப்போதோ கூழாகிப் போயிருக்கும். நோட்டு ஒன்றுதான். அதைக் கொளுத்திவிட்டால் எனக்கும் சுவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பதினொரு சீட்டுகளையும் நினைத்துக்கொண்டேன். பதின்மூன்றாவது கதைக்கு நான் எங்கே போவேன் என்றும் நினைத்துக்கொண்டேன். மறுபடி நோட்டுக்குத்தான். அதன் பிறகும் நோட்டுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் என்னுடையதை யாராவது சாக்குத் துணி என்று காட்டுவார்கள், நான் சரி மேடம் என்பேன்.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்றார் மேடம், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

எழுந்து போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அவர் முன்னால் வைத்தேன்.

"என்னது இது?"

"நீங்க அடிச்ச வரிங்க."

அவருக்குப் புரியவில்லை. முதல் பக்கத்தைத் திறந்தார். வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்ததைப் படித்தார், அடுத்ததை. பக்கங்களைப் புரட்டும் வேகம் குறைந்துகொண்டே வந்து நின்றது.

"கதையில எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"நான் டிக் போட்டது?"

"எல்லாம் உங்களோடதுதான் மேடம்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கதையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். நோட்டில் ஒரு வரியைத் தேடுவார், கதையில் அதைக் கண்டுபிடிப்பார், ஒரு நேர்கோடு போடுவார். மறுபடி நோட்டு. மறுபடி கோடு. நான் நின்றுகொண்டே இருந்தேன். கால் மாற்றக்கூடப் பயமாக இருந்தது. நாற்பத்தொரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்தது. இடையில் ஒருமுறை மட்டும் பேனா தயங்கியது. "இதை எதுக்கு அடிச்சேன்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு அதையும் அடித்தார்.

ஐந்தாம் பக்கத்தில் அந்தப் பத்திக்கு வந்தார். நோட்டில் தேடினார். கடைசிப் பக்கம் வரை தேடினார்.

"இது இதுல இல்ல."

"இல்ல மேடம். அது எங்க அப்பா."

அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது, அடிபட்டவர்களிடம் இருப்பது.

"இதைத்தான் நான் தூக்கச் சொன்னேன்."

"ஆமா மேடம்."

"நீயும் சரின்னே."

அவர் மீதி இரண்டு பக்கத்திலும் கோடுகளைப் போட்டு முடித்தார்.

ஏழு தாளையும் அடுக்கி என் பக்கம் தள்ளினார். நோட்டைத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அறிமுகத் தாளை எடுத்து, பன்னிரண்டு வரிக்கும் குறுக்கே ஒரே கோடாகப் போட்டார்.

"நாளைலேர்ந்து தபாலை நானே பிரிச்சுக்கறேன்," என்றார். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பத்திரிகைக்குத் தெருமுனைக் கடைத் தொலைபேசியிலிருந்து பேசினேன். கதை வேண்டாம், அதில் என்னுடையது அல்லாதது இருக்கிறது என்றேன். ஆசிரியர் முதலில் சிரித்தார், பிறகு புரிந்துகொண்டார்.

"நாளைக்கு அச்சு. இன்னைக்கு வந்து சொல்றே. வெத்துப் பக்கத்தை வச்சுக்கிட்டு நான் விசிறிக்கவா?"

"மன்னிச்சுடுங்க சார்."

"இனிமே இந்த முகவரியை மறந்துடும்மா," என்று வைத்துவிட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார்.

பிற்பகல் மூன்று மணிக்கு நான் வீட்டுக்கு வந்தது வழக்கமில்லாததால் அப்பா திகைத்தார். இருந்தாலும் வழிவிட்டார். அன்றைக்கு அக்காவுக்கு விடுமுறை, கட்டிலில் கிடந்தாள். இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன், நோட்டு உட்பட. அக்கா முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்ல பல்லை விட்டுட்டு சொத்தைப் பல்லைப் பாதுகாத்திருக்கே," என்றாள். அதற்கு மேல் கேலி செய்யவில்லை.

"என்னைப் பத்தினது இருக்கா, போயிடுச்சா?" என்றார் அப்பா.

"இருக்குப்பா. அது மட்டும்தான் என்னோடது."

"படி."

படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் மேலும் கீழும் சிவப்புக் கோடுகள். நடுவில் அது மட்டும். அப்பா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டினார். பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"தப்பு," என்றார்.

"எது?"

"வலது கைன்னு எழுதியிருக்கே. பட்டன் இடது பக்கம். வலது கையால கதவைப் பிடிச்சுக்கணும், இல்லன்னா யாராவது பாதி உள்ள வர்றப்போ மூடிக்கும். இருபத்தாறு வருஷம் இடது கைதான். அப்புறம், எத்தனாவதுன்னு நான் மொட்டையா கேக்க மாட்டேன். எத்தனாவது மாடி சார்னு கேப்பேன். மரியாதை இல்லாம நான் யாரையும் மேல கொண்டுபோனதில்ல."

"தூக்கத்துலகூடவா?" என்றாள் அக்கா.

"தூக்கத்துலதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரிப்பு பாதியில் உடைந்தது, யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பென்சிலை எடுத்து 'வலது' என்பதன் மேல் ஒரு நேர்கோடு போட்டேன். அடியில் இருந்தது நன்றாகத் தெரிந்தது. மேலே 'இடது' என்று எழுதினேன். 'எத்தனாவது' என்பதையும் அடித்தேன்.

"சரி, அடுத்தது என்ன?" என்றார் அப்பா.

அடுத்து என்னுடையது என்று ஒன்றும் இல்லை. தாளின் மீதி முழுவதும் சிவப்புக் கோடுகளும், அவற்றைக் கோக்க நான் அவர் நடையில் எழுதியவையும்தான். அதைத் திருப்பி வெள்ளையாக இருந்த பின்பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

"முதல் நாள் முதல்ல யாரைப்பா மேல கொண்டுபோனீங்க?"

அப்பா கதவைப் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்து சுவரில் எதையோ தேடியது. நான் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தேன்.